பிரிட்டனில் அரசியலமைப்புச் சட்டம் என்று ஒரே புத்தகம் கிடையாது, அப்புறம் பிரதமரை எது கட்டுப்படுத்துகிறது?

உறையூர்க்காரன்:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் சந்தேகம் இது. நம் ஊரில் ஒரு சட்டம் செல்லுமா செல்லாதா என்று வழக்கு வந்தால், 14வது பிரிவு, 21வது பிரிவு என்று உடனே புத்தகத்தைப் புரட்டலாம். நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு வந்தாலும் அடிப்படைக் கட்டமைப்பில் கை வைக்க முடியாது என்று 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் சொல்லிவிட்டார்கள். பிரிட்டனில் அப்படி ஒரு புத்தகமே இல்லை என்கிறார்கள். ஆனால் 2019-ல் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை மூடியபோது, அது செல்லாது என்று அங்கேயும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எந்தப் பிரிவை வைத்துச் சொன்னார்கள்?

இன்னொரு கேள்வி. திருத்துவதற்கு ஒரு புத்தகம் இல்லாத இடத்தில் அரசியலமைப்பு எப்படி மாறும்? மாறிவிட்டது என்று யார் அறிவிப்பார்கள்? விக்கிபீடியா சுட்டி வேண்டாம், அதைப் படித்துவிட்டுத்தான் இங்கே கேட்கிறேன்.


குரோய்டன்வாசி:

நல்ல கேள்வி சகோ. பெரும்பகுதி எழுத்தில்தான் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1689 உரிமைச் சட்டம், 1701 அரச வாரிசுச் சட்டம், 1911-லும் 1949-லும் வந்த நாடாளுமன்றச் சட்டங்கள், 1998 மனித உரிமைச் சட்டம், அதே வருடத்து ஸ்காட்லாந்துச் சட்டம் என்று பல நூற்றாண்டுகளில் சிதறிக் கிடக்கிறது. இவற்றுக்கு மேலே பூட்டு கிடையாது, வித்தியாசம் அங்கேதான். மனித உரிமைச் சட்டத்தை ரத்து செய்ய எவ்வளவு ஓட்டு வேண்டுமோ அவ்வளவுதான் வாகன நிறுத்தக் கட்டணச் சட்டத்தை ரத்து செய்யவும் வேண்டும்: அன்றைக்குச் சபையில் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல்.

பூட்டு போட முயன்று பார்த்தார்கள், அந்தக் கதையைச் சொன்னால் புரிந்துவிடும். 2011-ல் பிரதமர் கேமரன், துணைப் பிரதமர் கிளெக் கூட்டணி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் தேர்தல், முன்கூட்டியே வேண்டுமென்றால் மொத்த எம்.பி.க்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 650-ல் 434 பேர் சம்மதிக்க வேண்டும். 2017-ல் பிரதமர் தெரசா மே கேட்டார், எதிர்க்கட்சியும் சரி என்றது, 522-13 என்று நிறைவேறியது. 2019-ல் ஜான்சன் மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் 434 எட்டவில்லை. உடனே அவர் 2011 சட்டத்தை ஒதுக்கிவைத்து, "டிசம்பர் 12-ல் தேர்தல்" என்று சொல்கிற இரண்டே பிரிவுள்ள ஒரு குட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். கடைசியில் 438 ஓட்டு விழுந்தது, அது வேறு விஷயம். அவ்வளவு விழ வேண்டிய கட்டாயம் இல்லை. 2022-ல் அந்த 2011 சட்டத்தையே தூக்கிவிட்டார்கள். ஒரு நாடாளுமன்றம் தனக்குப் பின்னால் வரும் நாடாளுமன்றத்தின் கையைக் கட்ட முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

இப்போது 2019 தீர்ப்பு. ஆகஸ்ட் 28 அன்று பால்மோரல் அரண்மனையில் ராணியிடம் உத்தரவு வாங்கி, செப்டம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து அக்டோபர் 14 வரை கூட்டத்தொடரை முடித்துவைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற அக்டோபர் 31 கெடு என்பதை மனதில் வைத்துப் பாருங்கள், ஐந்து வாரம் சபை இல்லை என்றால் எவ்வளவு பெரிய விஷயம். லண்டன் உயர் நீதிமன்றம் இது அரசியல் விவகாரம், நாங்கள் தலையிட முடியாது என்றது. ஸ்காட்லாந்துத் தலைநகரான எடின்பரோவில் உள்ள நீதிமன்றம் செல்லாது என்றது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் செல்லாது என்றார்கள்.

எந்தப் பிரிவு என்று கேட்டீர்கள். பிரிவு எதுவும் இல்லை. சட்டம் அனுமதித்ததைத் தாண்டி மன்னருக்குத் தனி அதிகாரம் கிடையாது என்று 1610-ல் நீதிபதி எட்வர்ட் கோக் சொன்ன தீர்ப்பிலிருந்து ஆரம்பித்தார்கள். மன்னர் பெயரில் பிரதமர் செலுத்தும் ஒவ்வொரு அதிகாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை எங்கே என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. சட்டம் இயற்றுவதும் அரசைக் கேள்வி கேட்பதும் நாடாளுமன்றத்தின் வேலை. அதைத் தகுந்த காரணம் இல்லாமல் தடுக்கிற எந்த உத்தரவும் அந்த எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. என்ன காரணத்துக்காக ஐந்து வாரம் என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவர்களைக் கவிழ்த்தது. உத்தரவு வெற்றுக் காகிதத்துக்குச் சமம் என்று தலைமை நீதிபதி லேடி ஹேல் வாசித்தார், மறுநாளே சபை கூடியது.

ஆனால் இதற்குப் பதில் நடவடிக்கையும் வந்தது. 2022 சட்டத்தில், சபையைக் கலைக்கும் அதிகாரத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். கூட்டத்தொடரை முடித்துவைப்பதற்கு அது பொருந்தாது, கலைப்பதற்கு மட்டும்தான். நீதிமன்றம் ஒரு அடி வைத்தால் நாடாளுமன்றம் ஒரு அடி வைக்கும். மாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

மரபு மீறப்படும்போது சட்டம் பிறக்கிற கதைக்கு 1909-ஐப் படியுங்கள். பட்ஜெட்டை மேலவையான பிரபுக்கள் சபை தடுக்காது என்பது நெடுநாள் வழக்கம், எந்தச் சட்டத்திலும் இல்லை. நில வரியும் பணக்காரர்களுக்குக் கூடுதல் வருமான வரியும் போட்டு நிதி அமைச்சர் லாயிட் ஜார்ஜ் பட்ஜெட் கொண்டுவந்ததும், நவம்பர் 30 அன்று 350-75 என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். சட்டப்படி அவர்களுக்கு அந்த அதிகாரம் இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாடு ஏற்றுக்கொள்ளவில்லை. 1910-ல் ஒரே வருடத்தில் இரண்டு பொதுத்தேர்தல், நடுவில் மன்னர் ஏழாம் எட்வர்ட் மறைவு. தேவைப்பட்டால் நூற்றுக்கணக்கில் புதுப் பிரபுக்களை நியமித்துத் தருகிறேன் என்று புது மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் வாக்குக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அந்தப் பயத்தில்தான் 1911 ஆகஸ்டில் 131-114 என்ற நூலிழை வித்தியாசத்தில் தங்கள் அதிகாரத்தைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்த முடியாது, மற்ற மசோதாவை இரண்டு வருடம். 1949-ல் அது ஒரு வருடமாகக் குறைந்தது. வழக்கத்தை மதித்து நடந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கே தேவை வந்திருக்காது.

மன்னர் மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708-ல், ராணி ஆன் காலத்தில். மறுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, முந்நூறு வருடத்துக்கு மேலாக யாரும் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.


நேர்மறுப்பு:

குரோய்டன்வாசி சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் ஜெயித்த கதைகளாகவே எடுத்துக்கொண்டார். தோற்றதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அதிகாரம் பகிர்ந்து கொடுத்த 1998-லேயே, அவர்கள் கையில் இருக்கும் விஷயங்களில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் லண்டன் சட்டம் போடாது என்று பிரபுக்கள் சபையில் அமைச்சர் சூவெல் வாக்குக் கொடுத்தார். அவர் பெயரிலேயே அது மரபானது. 2016-ல் அதைச் சட்டத்திலேயே எழுதினார்கள், "வழக்கமாக" சட்டம் போடாது என்று. அந்த ஒரு சொல்லைச் சேர்த்து எழுதியது வேண்டுமென்றே செய்தது. 2017-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, இது அரசியல் மரபு, சட்டத்தில் எழுதியிருந்தாலும் நாங்கள் அமல்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 2018-ல் ஐரோப்பிய ஒன்றிய விலகல் மசோதாவுக்கு எடின்பரோ சம்மதம் தர மறுத்தது, லண்டன் கண்டுகொள்ளாமல் நிறைவேற்றியது. ஒன்றும் ஆகவில்லை.

1909-ல் பிரபுக்களை நாட்டின் பெரும் பகுதி எதிர்த்தது, அதனால் மரபு சட்டமாக மாறிப் பலமானது. 2018-ல் எதிர்த்தது ஐம்பது லட்சம் பேர் உள்ள ஸ்காட்லாந்து மட்டும். பூட்டு இல்லாத அமைப்பில் சிறுபான்மைக்குத்தான் முதல் அடி விழும், இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.


வெலிங்டன் தமிழ்:

நியூசிலாந்தும் இதே வகைதான், இங்கே யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பிரிட்டனைவிடச் சின்ன நாடு, மேலவையும் கிடையாது. 1950-ல் பிரதமர் சிட்னி ஹாலண்ட், மேலவையை ஒழிக்க ஓட்டுப் போடுவதற்கென்றே புது உறுப்பினர்களை அந்தச் சபைக்கு நியமித்தார். "தற்கொலைப் படை" என்றே அவர்களுக்குப் பெயர். 1951 ஜனவரி 1 முதல் அந்தச் சபை இல்லை. ஒரு நாட்டின் பாதி நாடாளுமன்றத்தை ஒரு சாதாரணச் சட்டம் துடைத்துவிட்டது, நினைத்துப் பாருங்கள்.

ஆனால் பழைய காகிதங்களுக்கு இருக்கும் பலத்தையும் இங்கேதான் பார்க்கலாம். 1975 கடைசியில் ராபர்ட் மல்டூன் பிரதமர் ஆனார். முந்தைய அரசு கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டத்துக்குச் சம்பளத்தில் கட்டாயப் பிடித்தம் இருந்தது. மல்டூன் என்ன செய்தார் என்றால், இனிமேல் யாரும் கட்ட வேண்டாம், அப்புறம் சட்டத்தை மாற்றிக்கொள்கிறோம் என்று பத்திரிகை அறிக்கை விட்டார். ஜெயித்துவிட்டோம், எப்படியும் நிறைவேறும், இதில் என்ன என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அரசு ஊழியர் வழக்குப் போட்டார். 1976-ல் தலைமை நீதிபதி ரிச்சர்ட் வைல்ட் எடுத்துப் பிடித்தது எதைத் தெரியுமா, இங்கிலாந்தின் அதே 17ஆம் நூற்றாண்டு உரிமைச் சட்டம். நாடாளுமன்றத்தின் சம்மதமின்றி, அரச அதிகாரத்தின் பெயரில் சட்டத்தை நிறுத்திவைப்பது சட்டவிரோதம் என்று அதில் இருக்கிறது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் செய்ததைத் தடுக்க எழுதிய வாசகம், பூமியின் மறுகோடியில் ஒரு பிரதமரின் பத்திரிகை அறிக்கையைத் தவறு என்று சொல்ல வைத்தது. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு இது.

அதே மல்டூன் 1984 ஜூலை 14 தேர்தலில் தோற்றார். புது அரசு பதவியேற்க நாளாகும். அதற்குள் டாலர் மதிப்பு குறையப்போகிறது என்று எல்லோரும் நியூசிலாந்து டாலரை விற்றுத் தள்ள, மத்திய வங்கி அந்நியச் செலாவணிச் சந்தையையே மூடிவிட்டது. 20 சதவீதம் மதிப்பைக் குறையுங்கள் என்று ஜெயித்த டேவிட் லாங்கி தரப்பு சொன்னது. முடியாது என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார் மல்டூன். சட்டப்படி அந்த நிமிஷம் அவர்தான் பிரதமர், அவர்தான் நிதி அமைச்சரும். அவரை மடக்கியது நீதிமன்றம் இல்லை, அவருடைய கட்சிக்காரர்கள். தோற்ற அரசு அவசர விஷயத்தில் ஜெயித்தவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும் என்று அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த ஜிம் மெக்லே வெளிப்படையாகவே சொன்னார். 18ஆம் தேதி மதிப்பைக் குறைத்தார்கள். அந்த நான்கு நாள் பதற்றத்தின் விளைவுதான் 1986 அரசியலமைப்புச் சட்டம். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதுவும் சாதாரணச் சட்டம்தான், சபையின் ஆயுள் பற்றிய பிரிவைத் தவிர மற்றதைப் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் மாற்றலாம்.

இங்கே பூட்டு போட்டது தேர்தல் தொடர்பான சில பிரிவுகளுக்கு மட்டும். சபையின் ஆயுள், ஓட்டுரிமை வயது போன்றவை. 75 சதவீத எம்.பி.க்கள் அல்லது மக்கள் வாக்கெடுப்பு வேண்டும். 2022-ல் குடிநீர்ச் சேவையைத் தனியாருக்கு விற்க 60 சதவீத எம்.பி.க்கள் வேண்டும் என்று இன்னொரு பூட்டைச் சேர்த்துவிட்டார்கள். தனியார்மயத்தை எதிர்க்கிற எனக்கு அந்த நோக்கம் பிடிக்கும். ஆனால் இன்றைய கொள்கைக்குப் பூட்டு போட ஆரம்பித்தால் நாளைக்கு வேறு கட்சி வரிவிகிதத்துக்கும் போடும் என்று அரசியலமைப்புப் பேராசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், அடுத்த மாதமே அந்தப் பிரிவை எடுத்தார்கள். அவர்கள் எழுதியது சரி.


உறையூர்க்காரன்:

ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஆனால் நேர்மறுப்பு சொன்னதுதான் உறுத்துகிறது. சிறுபான்மையினர் நிலையில் இருந்து பார்த்தால் எழுதிப் பூட்டு போட்ட அரசியலமைப்புதானே பாதுகாப்பு? அப்புறம் இன்னொன்று, மரபு இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?


வல்வெட்டியான்:

உறையூர் தம்பி, இரண்டு கேள்விக்கும் எங்கட இலங்கையில் விடை கிடக்கு. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி யாப்பு, அதாவது அரசியலமைப்பு, எழுத்தில் இருந்தது. அதன் 29(2) பிரிவு, எந்த இனத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தைச் சட்டத்தால் விதிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் 1948-ல் வந்த பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது, அதற்கு அடுத்த வருஷமே அவர்களின் வாக்குரிமையும் போனது. கோடாக்கன் பிள்ளை வழக்கில் அதை எதிர்த்து லண்டன் கோமறைக் கழகம் வரை போனார்கள், அதுதான் அப்போது எங்கட கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றம். யார் குடிமகன் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான உரிமை என்று சொல்லி 1953-ல் தள்ளுபடி செய்தார்கள். சட்டத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை, அது போதுமாக இருந்தது.

அதே கோமறைக் கழகம் 1964-ல் ரணசிங்க வழக்கில், 29(2) மாற்ற முடியாத பிரிவு என்று எழுதியது. 1970-ல் வந்த அரசு அந்த யாப்பைத் திருத்துவதற்கு முயற்சிக்கவே இல்லை. நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டி, புதுக் குடியரசு யாப்பை 1972 மே 22-ல் கொண்டுவந்தது. 29 அதில் இல்லை. பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை, வீட்டையே மாற்றிவிட்டார்கள். நான் பிரிட்டன் முறைதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கு எழுத்தும் உதவவில்லை, அந்த நேரத்தில் பெரும்பான்மைக்குள் போதுமான ஆட்கள் எழுந்து நின்று கூடாது என்று சொல்லாததால்.

மரபைக் கண்டுபிடிக்கும் விஷயத்துக்கு வருவம். ஐவர் ஜென்னிங்ஸ் என்ற பேராசிரியர் மூன்று கேள்வி கேட்கச் சொன்னார்: முன்னுதாரணம் உண்டா, அப்படி நடந்தவர்கள் தாங்கள் கட்டுப்பட்டவர்கள் என்று நினைத்து நடந்தார்களா, அந்த விதிக்கு ஒரு காரணம் இருக்கா. 1981-ல் கனடா உச்ச நீதிமன்றம் இதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதியது. ஜென்னிங்ஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர், சோல்பரி யாப்பு உருவானபோது, பின்னாளில் முதல் பிரதமரான டி.எஸ். சேனநாயக்காவின் ஆலோசகர். அந்த யாப்பிலேயே, மன்னரின் பிரதிநிதியான மகாதேசாதிபதி தன் அதிகாரங்களை பிரிட்டனில் உள்ள மரபுப்படி செலுத்த வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது, ஆனால் அப்படிச் செலுத்தவில்லை என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொன்னது.

அதன் விளைவை 1960-ல் பார்த்தோம். மார்ச் தேர்தலில் யு.என்.பி. 50, சுதந்திரக் கட்சி 46, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. யு.என்.பி.யின் டட்லி சேனநாயக்கா அரசு, தன் கொள்கையைச் சொல்லும் சிம்மாசன உரை மீதான வாக்கெடுப்பிலேயே தோற்றது. எதிர்க்கட்சியை அழைத்துப் பார்க்காமல், டட்லி கேட்டபடி மகாதேசாதிபதி ஒலிவர் குணதிலக்க பாராளுமன்றத்தைக் கலைத்தார். வேறொருவர் அரசு அமைக்க வாய்ப்பு இருந்தால் மன்னர் கலைப்பை மறுக்கலாம் என்று 1950-ல் மன்னரின் செயலாளர் லாசெல்ஸ் லண்டன் டைம்ஸுக்குப் புனைபெயரில் கடிதம் எழுதியிருந்தார். ஒரு பத்திரிகைக் கடிதம்தான் அந்த மரபுக்கு ஆதாரம்! ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சி வென்றது, சிறிமாவோ பிரதமர் ஆனார்.


குரோய்டன்வாசி:

வல்வெட்டியான் அண்ணா, ஜென்னிங்ஸைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. உறையூர் சகோ, அந்த மூன்று கேள்வியை நம் காலத்து விஷயம் ஒன்றில் போட்டுப் பாருங்கள்: போருக்குப் படை அனுப்பும் முன் நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டுமா?

2003 மார்ச் 18 அன்று ஈராக் போருக்கு டோனி பிளேர் ஓட்டெடுப்பு நடத்தினார். 2011-ல் வந்த அமைச்சரவைக் கையேட்டில், முன்கூட்டியே விவாதிக்கும் மரபு உருவாகியிருக்கிறது, அவசர நிலை மட்டும் விதிவிலக்கு என்று அரசே ஒத்துக்கொண்டது. 2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியாவைத் தாக்க கேமரன் அனுமதி கேட்டு 285-272 என்று தோற்றார், தாக்கவில்லை. முன்னுதாரணம் இருக்கிறது, கட்டுப்பட்ட உணர்வு இருக்கிறது, காரணமும் இருக்கிறது. அன்றைக்குக் கேட்டிருந்தால் மரபு உறுதியாகிவிட்டது என்று நானே சொல்லியிருப்பேன்.

2018 ஏப்ரலில் தெரசா மே, சபை ஈஸ்டர் விடுமுறையில் இருந்தபோது அமெரிக்கா, பிரான்சோடு சேர்ந்து சிரியாவில் குண்டு போட்டார், பிறகு வந்து விளக்கம் கொடுத்தார். இதைச் சட்டமாக்குங்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர் கோர்பின் கேட்டார், நடக்கவில்லை. 2024 ஜனவரியில் ஏமனில் ஹூதிகளைத் தாக்கியபோது ரிஷி சுனக்கும் முன்கூட்டி ஓட்டெடுப்பு வைக்கவில்லை. இரண்டு முறையும் பெரிய கொந்தளிப்பு எழவில்லை. விமானத் தாக்குதலைப் பொறுத்தவரை அந்த மரபு போய்விட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். தரைப்படை அனுப்பினால் என்ன ஆகும் என்பது தெளிவாக இல்லை. நீங்கள் கேட்டீர்களே, மாறிவிட்டது என்று யார் அறிவிப்பார்கள் என்று. 2018-ல் யாரும் அறிவிக்கவில்லை, சபை கூடிய திங்கட்கிழமை எம்.பி.க்கள் மே சொன்னதைக் கேட்டு, விவாதித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.